ரயில் ஓடாத மாதங்கள் கற்றுத்தரும் பாடம்

எந்த வியாபாரத்துக்கும் ஒரு சீசன் உண்டு. சீசனில் உழைக்க யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சீசன் முடிந்த பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் வியாபாரியின் கெட்டித்தனம் இருக்கிறது. இதற்கு உதாரணமாக, இந்த வாரம் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் ஓடும் ஒரு சிறிய ரயிலைப் பார்ப்போம்.

அதன் பெயர் டாலிலின் ரயில்வே. கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து பள்ளத்தாக்கு வழியே மலையடிவாரம் வரை, சுமார் 12 கிலோமீற்றர் தூரம் ஓடுகிறது. கூரைக்கு வேயும் கற்பலகைகளை ஏற்றுவதற்காக 1865 இல் போடப்பட்ட பாதை இது. 1946 இல் கற்குவாரி மூடப்பட்டது. 1950 இல் உரிமையாளரும் காலமானார். கதை முடிந்தது என்று பலர் நினைத்தனர்.

ஆனால் எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் சங்கம் அமைத்து, 1951 மே 14 இல் ரயிலை மீண்டும் ஓடவிட்டார்கள். தொண்டர்களால் காப்பாற்றப்பட்ட உலகின் முதலாவது ரயில் பாதை இதுவே. அன்று ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒரேயொரு எஞ்சின். அதே வருடம், மூடப்பட்ட பக்கத்துப் பாதையொன்றின் இரண்டு எஞ்சின்களைத் தலா 25 பவுணுக்கு வாங்கினார்கள். இரண்டு பாதைகளின் தண்டவாள அகலமும் ஒன்றே. அதனால் பிறருக்கு உதவாத பொருள் இவர்களுக்குப் பெறுமதியானது.

இனி விடயத்துக்கு வருவோம். இந்த ரயிலுக்கு வருமானம் தருபவர்கள் உல்லாசப் பயணிகள். குளிர்காலத்தில் சில விசேட நாட்களைத் தவிர வண்டி ஓடாது. வசந்தம் பிறந்ததும் சேவை மீண்டும் ஆரம்பமாகும். இடைப்பட்ட மாதங்களில் அங்கே யாரும் சும்மா இருப்பதில்லை. உக்கிப்போன சிலிப்பர் கட்டைகளை மாற்றுவார்கள், வடிகான்களைத் துப்பரவு செய்வார்கள், எஞ்சின்களைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். கொதிகலன் பரிசோதனையில் தேறாத எஞ்சின் பயணிகளை இழுக்க முடியாது. கூட்டம் வரும் நாளில் எஞ்சினைக் கழற்றினால் அன்றைய டிக்கட் காசு போய்விடும்.

தொண்டர்களோடு சம்பள ஊழியர்களும் அங்கே இருக்கிறார்கள். வண்டி ஓடாத மாதத்திலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தக் காசை ஓடும் மாதங்களிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

நமது நிலை என்ன? பெருநாள் முடிந்ததும் கையில் சேர்ந்த காசை வீட்டுச் செலவுக்கும் புதுச் சரக்குக்கும் போட்டுவிட்டு, மந்தமான மாதத்தில் கடை வாடகைக்கு வட்டிக்காரரைத் தேடிப் போனவர்களை எனது முப்பது வருட வியாபாரத்தில் நிறையவே கண்டிருக்கிறேன். செலவைக் குறைக்கப் பழகிய தொழிலாளியை நிறுத்துவார்கள். அடுத்த சீசனில் அவர் பக்கத்துக் கடையில் நிற்பார். வாடிக்கையாளரும் அவர் பின்னாலேயே போவார்கள்.

எனவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, சீசன் வருமானத்தில் மந்த மாதங்களின் வாடகையையும் சம்பளத்தையும் முதலில் புறம்பாக்குங்கள். மிச்சம்தான் உங்கள் காசு. இரண்டு, மந்த மாதத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெடுத்து, தேங்கியதைக் கழித்து, கடன் கொப்பியைத் தூசு தட்டுங்கள். மூன்று, தராசு, மெஷின், வாகனம், கூரை எல்லாவற்றையும் அப்போதே திருத்துங்கள்.

வசந்தத்தின் முதல் வண்டி நேரத்துக்குப் புறப்படுவது குளிர்காலத்தில் செய்த வேலையால்தான். கடைக்கும் கணக்கு அதுதான்.