முதல் திரட்டேடுகளைத் திருத்தப்போகும் தங்கைக்கு



ஈப்போவில் வளர்ந்த உனக்கு முதல் நியமனமே தோட்டப் பள்ளியாக அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. தோட்டம் பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது, சுற்றிலும் செம்பனை, பிள்ளைகள் தாமான் வீடுகளிலிருந்து வேனில் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பேராக்கில் பல பள்ளிகளின் கதை இதுதான். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் திரட்டேடுகளில் எது பிள்ளை செய்தது, எது அம்மா செய்தது என்று தெரியாமல் எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறாய்.

தெரியவில்லை என்பதை நான் நம்பவில்லை. பத்து வயதுப் பிள்ளை மணிலா அட்டையை அப்படி நேராக வெட்டாது என்பது உனக்குத் தெரியும். பெற்றோரிடம் சொல்லத்தான் தயக்கம்.

அவர்களிடம் போகுமுன் நம் பக்கத்தைப் பார். வெள்ளிக்கிழமை மாலை புலனக் குழுவில் "திங்களன்று கொண்டு வரவும்" என்று போடுகிறோம். அந்தச் செய்தி போய்ச் சேர்வது அம்மாவின் கைப்பேசிக்கு. வேலை யாருக்கு அனுப்பப்பட்டதோ அவர்களே செய்து அனுப்புகிறார்கள், இதில் குற்றம் என்ன? வந்தவற்றில் பளபளப்பானதைத்தான் சுவரில் மாட்டுகிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வரும் அப்பா அதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை கலர் பிரிண்டரோடு இறங்குகிறார். இரவு ஷிப்டுக்குப் போகும் தாயின் பிள்ளை பென்சிலில் வரைந்தது அடியில் கிடக்கிறது.

அந்த அப்பாவைக் கேலி செய்யாதே. ஒரு தோட்டத்தில் பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளியைப் பள்ளி வைக்கச் செய்ய 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி தந்தது. ஆனால் கங்காணியோ கிராணியோ பாடம் சொன்ன கொட்டகைகளாகவே பல பள்ளிகள் இருந்தன. அங்கிருந்து வந்த குடும்பங்களில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர்கள் ஏராளம். இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து மகனின் அட்டையை ஒட்டும் மனிதர், தனக்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்தையும் சேர்த்துத்தான் ஒட்டுகிறார்.

இதற்கு நேர்மாறாக, அந்தக் காலத்தில் நாங்களே எல்லாம் செய்தோம் என்று உன் பள்ளிப் பெரியவர்கள் பேசுவார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மாவுக்கு அட்டை வெட்ட நேரம் ஏது? அது வளர்ப்பு முறை அல்ல, வறுமை. எத்தனையோ பிள்ளைகள் பெற்றோருக்குத் துணையாக ரப்பர் மர நிரைக்கும் போனார்கள். அந்தப் பெருமையைப் பாடமாக எடுத்துக்கொள்ளாதே.

வேலையை வகுப்பறைக்குள் கொண்டு வா. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிந்த பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் எடை கூடியிருக்கிறது. பிள்ளை செய்வதை நீ கண்ணால் பார்த்து அடைவுநிலை எழுத வேண்டும். வீட்டிலிருந்து முடிந்து வரும் பொருளுக்கு அடைவுநிலை போட்டால், அது அம்மாவின் அடைவுநிலை. "நாங்க செஞ்சு குடுக்கலன்னா மத்த பிள்ளைங்க முன்னாடி இவன் வெட்கப்படுவான், டீச்சர்" என்று ஒரு தாய் வந்து நிற்பார். அவர் சொல்வது நியாயம். ஆனால் எல்லாரும் ஒரே மேசையில், ஒரே பசையோடு செய்தால் கோணல் எல்லாருக்கும் பொது. வெட்கப்பட யாரும் மிஞ்சமாட்டார்கள்.

தலைப்பையும் மாற்று. "ரப்பரின் வரலாறு" என்று கொடுத்தால் இணையம் செய்துவிடும். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 கோலகங்சாருக்குப் போனதை எல்லாத் திரட்டேடுகளும் ஒரே வாக்கியத்தில் சொல்லும். தன் தாத்தா எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்பது மட்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஏன் இருட்டோடு எழுந்து போனீர்கள் என்று அது தாத்தாவைக் கேட்டு வரட்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பார். மரத்தின் உள்ளழுத்தம் குறைவதால் அப்படி ஆகிறது என்பதை நீ பிறகு சொல்லிக்கொள்ளலாம். குடும்பத்துக்கு இதுதான் சரியான இடம்: வாய் தாத்தாவுடையது, எழுதும் கை பிள்ளையுடையது. எழுத்துப்பிழையோடு வந்தால் அப்படியே வாங்கிக்கொள்.

தமிழ்ப்பள்ளிகளுக்காக ஆஸ்தி அமைப்பு நடத்தும் அறிவியல் விழாவுக்குக் குழு அனுப்பச் சொல்வார்கள் என்றும் எழுதியிருந்தாய். எரிமலை மாதிரி வேண்டாம், அதைக் கடையில் பெட்டியாகவே விற்கிறார்கள். அப்பா செய்து மகள் மனப்பாடம் செய்த ஆய்வு, "வேறு என்ன செய்து பார்த்தாய்?" என்ற நடுவரின் ஒரே கேள்வியில் நின்றுவிடும். பக்கத்தில் ரப்பர்ச் சிறுதோட்டம் வைத்திருப்பவர் யாராவது இருப்பார். அன்று காலை இறக்கிய, அம்மோனியா கலக்காத பாலைக் கொஞ்சம் கேட்டு வாங்கு. அந்தக் காலத்தில் தோட்டக் கொட்டாயில் பாலைப் பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்தார்கள். அந்த அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே. நான்கு மங்குகளில் வினிகர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வெறும் தண்ணீர் என ஊற்றிப் பார்க்கட்டும். எது முதலில் உறையும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல். தவறாக எழுதியதை அழிக்க விடாதே, அந்தப் பக்கமும் திரட்டேட்டில் இருக்கட்டும்.

மறுநாள் தண்ணீர் மங்கும் உறைந்து நாற்றமெடுத்திருக்கும். ஏன் என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாலைப் புளிக்கவைத்த கதையை உடனே சொல்லிவிடாதே. நாமும் ஒருவகைப் பெற்றோர்தான், கை துறுதுறுக்கும். ஒரு வாரம் அவர்களையே யோசிக்க விடு.

இன்னொன்று. ரப்பர் பால் பட்டுக் காய்ந்தால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அன்று பழைய சட்டை போட்டு வரச் சொல். இந்த ஒரு செய்தியைத் தாராளமாகப் புலனக் குழுவிலேயே போடலாம்.

அன்புடன்,
அக்கா