மணிக்கட்டும் மவுசும்

எப்படி வந்தது? (கேள்வி-பதில் பகுதி)

*ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஜூலையும் செப்டம்பரும் வந்தால் நாள் முழுக்க மவுசும் கையுமாகத்தான் இருக்க வேண்டும். வலது மணிக்கட்டில் வலி ஆரம்பித்துவிட்டது. 'நிமிர்ந்து நிற்கிற மவுஸ் வாங்கு, வயர் இல்லாததாக வாங்கு' என்கிறார்கள். மவுஸ் கையை இப்படி வருத்தும் என்று அதைக் கண்டுபிடித்தவருக்குத் தெரியாதா? எதைப் பார்த்து வாங்குவது?*
— வாசகி, காரைக்குடி

கண்டுபிடித்தவர் கையைப் பற்றி நிறையவே யோசித்தார். ஆனால் அவர் தேடியது வேகத்தை. அமெரிக்காவில் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் 1960களில் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் இருக்கும் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்ட எந்தக் கருவி விரைவானது, எதில் பிழை குறைவு என்பதுதான் சோதனை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளுகிற ஒரு கருவி என்று பலவற்றை ஆட்களிடம் கொடுத்து நேரம் பார்த்தார்கள். பழகியவர்களிடம் மவுஸ்தான் முந்தியது. அந்த முதல் மவுஸ், 1964-ல் பில் இங்கிலிஷ் செய்து தந்த மரக்கட்டை. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை மேடையில் இயக்கிக் காட்டினார். காப்புரிமை 1970 நவம்பரில் கிடைத்தது. மேடையில் காட்டியதற்குச் சில வாரங்கள் முன்பே, ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் சக்கரத்துக்குப் பதில் உருண்டை வைத்த 'ரோல்குகல்' என்ற கருவியை அறிவித்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. இரண்டு நாடுகளில் ஒரே தேவை ஒரே வடிவத்தைப் பெற்றெடுத்திருக்கிறது.

சோதனையில் பார்த்தது ஒரு சொல்லைச் சுட்ட ஆகும் நேரம். ஒரு கை வருஷக்கணக்கில் நாள் முழுக்க அதே கட்டையைப் பிடித்திருந்தால் என்னவாகும் என்பது அன்றைய கேள்வியே இல்லை. அன்று கணினி முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒரு சிலர். ஆப்பிள் நிறுவனத்தின் லிசாவும் மெக்கிண்டாஷும் 1983, 1984-ல் வந்து, மவுஸ் எல்லா மேசைக்கும் போன பிறகுதான் கைவலி பெரிய விஷயமானது.

ஆனால் எழுத்து வேலையால் கை நோவது மவுசோடு பிறந்ததல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்சினி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713 பதிப்பில் எழுத்தர்களுக்கென்றே ஒரு பகுதி சேர்த்தார். அவர் சொன்ன காரணங்கள்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே திசையில் அசைத்துக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். செப்டம்பர் மாத ஆடிட்டர் அலுவலகத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது.

இப்போது உங்கள் கையைப் பாருங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை பக்கவாட்டில் பார்க்கும்போது அவை இணையாக இருக்கும். உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் திருப்பினால் ஒன்று மற்றதன் மேல் குறுக்காக ஏறும். சாதாரண மவுசை அந்தத் திருகிய நிலையில்தான் நாள் முழுக்கப் பிடித்திருக்கிறோம். போதாததற்கு, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், சுண்டுவிரல் பக்கமாகவும் சாயும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழி. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. அங்கே வீக்கமோ அழுத்தமோ வந்தால் நெருக்கப்படுவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா, ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுகிறீர்களா? அப்படியென்றால் மவுஸ் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போக வேண்டும்.

நிமிர்ந்த மவுஸ் அந்தத் திருகலைக் குறைக்கத்தான் வந்தது. கை கூப்பும்போது உள்ளங்கை எப்படிச் செங்குத்தாக நிற்கிறதோ, ஏறக்குறைய அந்த நிலையில் பிடிக்க வேண்டும். ஜாக் லோ என்பவர் தொடங்கிய எவல்யூவென்ட் நிறுவனம் 2002-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2018-ல் லாஜிடெக் 57 டிகிரி சாய்வில் ஒன்றை வெளியிட்டது. இன்று இதே வடிவத்தில் மலிவானவையும் நிறைய வந்துவிட்டன.

இதைச் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல மாட்டேன். மணிக்கட்டு நரம்பு நெருக்கம் ஏற்கெனவே உள்ளவர்களிடம் நடத்தி 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், நிமிர்ந்த மவுஸ் மணிக்கட்டின் நிலையை மாற்றியது. ஆனால் அந்தக் குறுகிய வழிக்குள் இருந்த அழுத்தம் குறையவில்லை. வேறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மாற்று மவுசோடு முன்கைக்குத் தாங்கலும் சேரும்போது கழுத்து, தோள் வலி குறைய வாய்ப்புண்டு என்கிறார்கள். என் கணிப்பில் முக்கியமானது அந்தத் தாங்கல்தான். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில், அதாவது லேவாதேவிக் கடைகளில், நகரத்தார் தரையில் சம்மணமிட்டு, முன்னால் தாழ்வான மர மேசைப்பெட்டி வைத்துப் பேரேடு எழுதினார்கள். அவர்களுக்கு முதுகுவலி இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை படிய ஒரு பலகை முன்னால் இருந்தது. நம் அலுவலகங்களில் கீபோர்டும் மானிட்டரும் ஃபைல்களும் போக மிச்சமுள்ள நாலு விரல் இடத்தில் மவுஸ் ஓடுகிறது. முழங்கை அந்தரத்தில் தொங்குகிறது. முதலில் ஃபைலை நகர்த்துங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை உயர்த்துங்கள். கால் எட்டவில்லை என்றால் கீழே ஒரு மணை போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம்தான் மவுஸ். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும், நுணுக்கத்தைக் காட்டும் டிபிஐ எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். கணக்கு வேலைக்கு அது பொருட்டே இல்லை. கையை வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரரிடம் ஒன்றைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. உள்ளங்கை நிறைய வேண்டும். பொத்தானை எட்டுவதற்கு விரல் நீளவும் கூடாது, மடங்கவும் கூடாது. நிமிர்ந்த மவுஸ்களில் பல பெரிய ஆண் கைக்குச் செய்தவை. சின்னக் கைக்கு அது புது வலியைத்தான் கொண்டுவரும். அளவு சரியாக அமையாவிட்டால், ஓரளவு சாய்வுள்ள சாதாரண மவுசே மேல். பொத்தான் மெத்தென்று அழுந்துகிறதா, கட்டைவிரல் ஊன்ற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கியதும் ஒரேயடியாக மாறாமல், காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் என்று பழகுங்கள். தோளும் புது வேலை கற்க வேண்டியிருக்கிறது.

கணக்கு வேலைக்கென்றே இன்னொன்று. கீபோர்டின் வலது ஓரத்தில் எண் பகுதி இருப்பதால் மவுஸ் உடம்பை விட்டு வெகுதூரம் தள்ளிப்போகிறது. தோள் வலிக்கு அதுவே காரணமாகலாம். எண்களை வலது கையால் அடித்து, மவுசை இடது கையால் பிடிக்கிறவர்கள் உண்டு. எங்கல்பார்ட்டே வலது கையில் மவுசும், இடது கையில் ஐந்து விசைகள் கொண்ட தனிக் கருவியுமாக இரண்டு கைக்கும் வேலையைப் பங்கிட்டவர். இடது கைக்கு மாற நினைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸ் வேண்டும். நிமிர்ந்தவற்றில் பெரும்பாலானவை வலது கைக்கு மட்டுமே. பிறகு டாலி கணக்கு மென்பொருள்: அது கீபோர்டாலேயே இயங்கும்படி அமைந்தது. அதில் மவுசைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு குறுக்குவிசை உண்டா என்று பாருங்கள். ஜிஎஸ்டி தளத்துக்கு மட்டும் மவுஸ் என்று வைத்துக்கொண்டாலே கைக்குப் பாதி ஓய்வு.

*மவுசின் வயரை முதலில் அறுத்தது யார்?*
— வாசகர், தேவகோட்டை

வயர் தொந்தரவு முதல் மவுசிலேயே தொடங்கிவிட்டது. எங்கல்பார்ட் குழு அதைப் பின்பக்கம், அதாவது மணிக்கட்டுப் பக்கம் வைத்திருந்தது. கையில் சிக்கியதால் சீக்கிரமே முன்பக்கம் மாற்றினார்கள். 1984-ல் லாஜிடெக் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் மவுசைச் செய்தது. டிவி ரிமோட் போல, நடுவில் ஒரு ஃபைல் வந்தாலே நின்றுவிடும். ரேடியோ அலையில் இயங்குவதை அதே நிறுவனம் 1991-ல் கொண்டுவந்தது. இன்றைய மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. இந்தியாவில் குறைந்த திறன் கருவிகள் இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் விதி வந்தது.

வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான். யுஎஸ்பி 3 இணைப்பில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அங்கிருந்தும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். மவுஸ் விட்டுவிட்டு ஓடினால் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். சிபியு இரும்பு மேசைக்கடியில், ரிசீவர் அதன் முதுகில் என்று இருந்தால் ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரை மேசை மேல் கொண்டுவாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

*வயர் இல்லாத மவுசில் பேட்டரி ஒழுகி உள்ளே வெள்ளையாகப் பூத்துவிட்டது. பேட்டரி ஏன் ஒழுகுகிறது? என்ன பேட்டரி போடலாம்?*
— வாசகர், பள்ளத்தூர்

இந்தக் கேள்வி நம் பக்கத்திலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பேட்டரியையும் உள்ளடக்கிய மின்வேதியியலுக்கென்று நாட்டுக்கே பொதுவான ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அதற்குக் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊரில் அதன் சுருக்கப் பெயரான 'செக்ரி' என்றால் ஆட்டோக்காரரும் வழி சொல்வார். லித்தியம் அயான் பேட்டரி செய்யும் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தர 2018-ல் ஒப்பந்தம் போட்டதும் இதே நிலையம்தான்.

ஒழுகலுக்கு வருவோம். ரிமோட்டில் போடுகிற விலை குறைந்த பென்சில் பேட்டரியின் வம்சம் 1866-ல் பிரான்சின் லெக்லாஞ்சே செய்த ஈரக் கலத்திலிருந்து தொடங்குகிறது. 1880களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதன் திரவத்தைப் பசையாக்கி, துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். அந்தக் குவளைதான் பேட்டரியின் ஒரு முனை, எரிபொருளும் அதுவே. மின்சாரம் எடுக்க எடுக்கக் குவளையின் சுவர் கரைந்து மெலிகிறது. ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. மவுஸ் சிறுகச் சிறுக, மாதக்கணக்கில் எடுக்கும் கருவி. பேட்டரியை மறந்தேபோவோம், கேடு அதில்தான்.

லூயிஸ் அர்ரி உருவாக்கி, 1959-ல் விற்பனைக்கு வந்த ஆல்கலைன் வகையில் கூடு எஃகு. துத்தநாகம் தூளாக நடுவில் இருக்கும். வேலை செய்ய அந்தக் கூடு கரைய வேண்டியதில்லை. விலை கூடினாலும் மவுசுக்கு அதுதான் சரி. தீர்ந்த பிறகும் உள்ளேயே விட்டால் அதுவும் ஒழுகும், ஆகவே நீண்ட விடுப்பில் போகும்போது கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்றாலும் பெரும்பாலான மவுஸ்களுக்குப் போதும். உள்ளேயே லித்தியம் பேட்டரி பொருத்திய மவுஸ் பார்க்க அழகாக இருக்கும். பேட்டரி தளர்ந்தால் மவுசே போகும். அலுவலகத்துக்கு நான் சிபாரிசு செய்வது தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி போடுகிற மவுஸ். பூத்திருக்கும் வெள்ளையைக் கையால் தொடாமல், லேசாக ஈரமான துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள்.

*எங்கள் கடை மேசையில் கண்ணாடி போட்டு அடியில் சாமி படமும் விசிட்டிங் கார்டும் வைத்திருக்கிறோம். அதில் மவுஸ் தத்துகிறது. முன்பிருந்த உருண்டை மவுஸ் நன்றாக ஓடியதே?*
— வாசகர், கானாடுகாத்தான்

உருண்டைக்கு உராய்வு இருந்தால் போதும். இப்போதைய மவுசின் அடியில் இருப்பது ஒரு சின்ன கேமரா. 1999-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆப்டிகல் மவுஸ் நொடிக்கு 1,500 படம் எடுத்து, முந்திய படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போட்டது. படத்தில் சொரசொரப்பும் புள்ளியும் இருந்தால்தான் ஒப்பிட முடியும். தெளிந்த கண்ணாடியில் கேமராவுக்குப் பிடிமானம் இல்லை. நன்றாகப் பாலிஷ் ஏற்றிய தேக்கு மேசையிலும், ஆத்தங்குடிக் கல்லின் மெருகிலும் சில மவுஸ்கள் இப்படித் தடுமாறலாம். கண்ணாடியிலும் ஓடும் மவுஸ் 2009 முதல் கிடைக்கிறது, விலைதான் அதிகம். கண்ணாடிக்கு மேலே ஒரு துணி மவுஸ் பேட் போதும். சாமி படம் மறையாத மூலையாகப் பார்த்துப் போடுங்கள்.