இரண்டு பேடுகளை ஒரே நாளில் அடை வையுங்கள்

நாலைந்து ஊர்க்கோழிகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, ஒரு பேடு வீணாக அடை கிடப்பது சிறிய நட்டமல்ல. அடை கிடக்கும் 21 நாட்களும் அது முட்டை இடாது. குஞ்சுகளோடு திரியும் காலத்திலும் இடாது. ஆகவே இரண்டு பேடுகள் அடுத்தடுத்து அடைக்கு வந்தால், இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள். ஒன்றுதான் உண்டென்றால் அயல்வீட்டாரோடு பேசிக்கொள்ளலாம்.

ஒரு பேட்டுக்கு 10 அல்லது 12 முட்டை போதும். ஆசைப்பட்டுக் கூட வைத்தால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேற்பட்டவை, கழுவியவை, வெடித்தவை வேண்டாம். பழைய கடகத்தில் சாம்பல் தூவி, வைக்கோல் பரப்பி, இருட்டிய பின் பேட்டை இருத்துங்கள். சாம்பல் செள்ளைக் குறைக்கும். தீனும் தண்ணீரும் கிட்ட இருக்கட்டும். நாளுக்கொரு முறை கால் மணி நேரம் இறங்கி நின்றால் பயப்பட வேண்டாம்.

7ஆம் நாள் இரவு முட்டைகளை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலை போலச் செந்நரம்பு ஓடினால் கரு உண்டு. தெளிவாக இருப்பவற்றை எடுத்துவிடுங்கள். இரண்டு கடகத்திலும் மிஞ்சியவை 12க்குள் அடங்கினால், எல்லாவற்றையும் ஒரு பேட்டின் கீழ் சேர்த்துவிடலாம். மற்றதை வைக்கோல் போடாத, அடியில் காற்றுப் படும் கூட்டில் தீன் தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் அடை தெளியும்; பிறகு முட்டைக்கு வரும். மூக்கில் இறகு குத்துவது வீண் கொடுமை.

பொரித்த குஞ்சுகள் முதல் நாள் தீன் தேடா. வயிற்றில் மஞ்சட்கரு மிச்சமிருக்கும். அடுத்த நாள் குறுணல் போடுங்கள், கிடைத்தால் கறையானும். பிராந்து சுற்றும் இடமென்றால் முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சுகளையும் கவிழ்த்த கூடைக்குள் வைத்திருங்கள்.