பழைய சொகுசுக் கார்: வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் விலை வேறு

45 லட்சத்துக்கு விற்ற கார் பத்து ஆண்டு கழித்து 8 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்ற பேச்சு இப்போது கடைவீதியில் அதிகம் அடிபடுகிறது. "புதுச் சின்னக் காரின் விலைக்கு பென்ஸே வாங்கலாமே" என்று தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். சரக்கு வாங்கும்போது அடக்க விலை பார்க்கும் நாம், காருக்கும் அடக்க விலை பார்க்க வேண்டாமா? அதற்காகவே இந்தப் பாடம்.

1. ஏன் இவ்வளவு மலிவு?

முன்பு நம் பக்கம் சொகுசுக் கார் என்றால் இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டஸாதான். 1984-ல் வந்து 2002-ல் நின்றது. அதன் பழுதை ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். 1995-ல் புனேயில் பென்ஸ் தயாரிப்பும், 2007-ல் செங்கல்பட்டு அருகே சிங்கப்பெருமாள் கோயிலில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையும் தொடங்கின. அன்று விற்ற கார்கள்தான் இன்று இரண்டாம் கை, மூன்றாம் கையாக வருகின்றன.

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025-ல் சில தளர்வுகள் கிடைத்தன. ஆனாலும் அங்கிருந்து தெற்கே வந்த வண்டிகள் பல. விலை குறைந்ததற்கு வண்டி மட்டும் காரணமல்ல, சட்டமும் காரணம் என்பதை நினைவில் வையுங்கள்.

2. அடிக்கடி வரும் பழுதுகள்

அ) டைமிங் செயின்: 2007 முதல் 2011 வரை வந்த பி.எம்.டபிள்யூ. என்-47 டீசல் எஞ்சினில் இந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம் பின்னால் இருக்கிறது. தேய்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினின் பின்புறம் உராயும் சத்தம் கேட்கும். செயினை மாற்ற கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும். சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டி, செயின் அறுந்தால் எஞ்சினே போகும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை நம் கண் முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடேற்றி வைத்த வண்டியைக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

ஆ) ஆட்டோமேடிக் கியர்: "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்லி விற்றவை உண்டு. ஆனால் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. மாற்றாத வண்டி கியர் விழும்போது உதைக்கும். பின்னோக்கிப் போட்டால் தாமதிக்கும்.

இ) ஏர் சஸ்பென்ஷன்: எஸ்-கிளாஸ் போன்ற வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை உண்டு. ரப்பர் பழசானால் காற்று கசியும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதுவே அடையாளம். கசிவை அப்படியே விட்டால் கம்ப்ரஸரும் ஓய்வின்றி ஓடிக் கெடும்.

ஈ) பிரேக்: 2002 முதல் 2006 வரை வந்த இ-கிளாஸில் பிரேக்கை மின்னணுக் கருவி இயக்கியது. 2004-ல் உலகம் முழுவதும் சுமார் 6,80,000 வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. இந்தக் கருவியின் பம்ப் எத்தனை முறை பிரேக் அழுத்தினோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லை வந்தால் எச்சரிக்கை காட்டும். அப்போது பம்பையே மாற்ற வேண்டும். தொப்பூர் கணவாயில் இறங்கும் நமக்கு இது விளையாட்டல்ல. எந்த வண்டியானாலும் பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது ஈரத்தை இழுக்கும்; ஈரம் சேர்ந்த ஆயில் இறக்கத்தில் சூடேறி ஆவியானால் பிரேக் பிடிக்காது. இறக்கத்தில் கீழ் கியரில் வாருங்கள்.

உ) ரேடியேட்டர்: ஃபுளோரைடுக்குப் பேர் போன மாவட்டம் நம்முடையது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது. போர்வெல் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். இந்தக் கார்களில் தண்ணீர் பம்பிலும் குழாய் இணைப்பிலும் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம். சூடேறிச் சூடேறி விரிசல் விடும். கம்பெனி சொன்ன கூலண்டும் வடிகட்டிய நீரும் மட்டுமே ஊற்றுங்கள்.

ஊ) எலி: இது நம் தொழிலுக்கே உரியது. புளி, ராகி, பருப்பு மூட்டை அடுக்கிய கிடங்கின் பக்கத்தில் காரை நிறுத்தினால் எலி வயரைக் கடிக்கும். பழைய அம்பாசடரில் ஒரு வயர் போனால் ஒரு விளக்கு எரியாது. இதில் ஒரு வயர் போனால் வண்டியே நகராமல் நிற்கலாம். காரைக் கிடங்கிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

3. கணக்கு

இதோ ஒரு மாதிரிக் கணக்கு. 8 லட்சத்துக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம்.

முதலுக்கு வட்டி, ஆண்டுக்கு 12 சதம்: 96,000 ரூபாய்.
முதலாண்டுப் பழுதுக்கு ஒதுக்கீடு, விலையில் கால் பங்கு: 2,00,000 ரூபாய்.
மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் எரிபொருள்: 1,20,000 ரூபாய்.
மொத்தம்: 4,16,000 ரூபாய்.

இதில் இன்ஷூரன்ஸ் இல்லை, டயர் இல்லை, டிரைவர் சம்பளம் இல்லை. மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் நிகரம் நிற்கும் என்றால், இந்த 4,16,000 ரூபாயைச் சம்பாதிக்க 2 கோடியே 8 லட்ச ரூபாய்ச் சரக்கு விற்க வேண்டும். உங்கள் கடை விற்றுமுதலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழுதுக்கு ஏன் கால் பங்கு? கார் 8 லட்சத்துக்கு இறங்கியிருக்கலாம். அதன் உதிரிபாகம் இன்னும் 45 லட்ச ரூபாய்க் காரின் உதிரிபாகம்தான். வாங்குவது பழைய விலையில், பழுது பார்ப்பது புது விலையில். அதற்கு மேல், இந்த வேலைக்குப் பெரும்பாலும் சேலமோ கோவையோ பெங்களூரோ போக வேண்டும். வண்டி வழியில் நின்றால் ஏற்றிச் செல்லும் கூலி தனி.

4. வரியும் இன்ஷூரன்ஸும்

13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிக்கு, சாதாரண வியாபாரிக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதன் பழுது பார்ப்புக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அப்படியே. கடை பெயரில் பில் போட்டாலும் அந்த 18 சதம் நம் கைக்காசுதான். வருமான வரியில் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதம் உண்டு. ஆனால் அனுமான வருமான முறையில் கணக்குக் காட்டும் சிறு வணிகருக்கு அதுவும் தனியாகக் கிடைக்காது.

இன்ஷூரன்ஸில், விபத்து நேர்ந்தால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். 10 ஆண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். இயந்திரம் தானாகப் பழுதானால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது.

5. வாங்குமுன் பார்க்க வேண்டியவை

• சேசிஸ் எண்ணைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் மையத்தில் பழைய பதிவேட்டைக் கேளுங்கள். மீட்டர் திருப்பப்பட்டிருந்தால் அங்கே தெரியும்.
• வெளிமாநில வண்டியானால் படிவம் 28 தடையின்மைச் சான்று வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவும் வரியும் கட்டாயம். அந்த வரியையும் விலையோடு கூட்டுங்கள்.
• ஃபைனான்ஸ் கடன் இருந்ததா, படிவம் 35 மூலம் நீக்கப்பட்டதா என்று பாருங்கள்.
• 15 ஆண்டு முடியப் போகிறதா? அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.
• ஸ்டெப்னி உண்டா? சில மாடல்களில் கிடையாது.
• இந்தக் கார்களில் பழகிய மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டர் சோதனை செய்து, அறிக்கையைக் கையில் வாங்கிய பின்பே முன்பணம் கொடுங்கள்.

6. முடிவாக

சொகுசுக் கார் கூடாது என்று நாம் சொல்லவில்லை. உழைத்தவர் அனுபவிக்கட்டும். ஆனால் அது லாபத்தில் வாங்கும் பொருளாக இருக்க வேண்டும்; முதலில் வாங்கும் பொருளாக இருக்கக் கூடாது. மாசி, பங்குனியில் புளி வரத்து வரும்போது ரொக்கம் வைத்திருப்பவருக்கே நல்ல சரக்கு கிடைக்கும். அந்த நேரத்தில் நம் 8 லட்சம் பெங்களூர் ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி மேல் நின்றால், விவசாயியிடம் கடன் சொல்லும் நிலை வரும். நம்மை மதிப்பது வாசலில் நிற்கும் காரைப் பார்த்து அல்ல, சொன்ன தேதியில் கொடுக்கும் பணத்தைப் பார்த்துத்தான்.