குரலின் இரு நெறிகள்

எசியோ பின்சா என்பவர் இத்தாலி நாட்டில் பிறந்தவர். கதை முழுவதும் பாட்டாகவே நிகழும் ஆப்பெரா என்னும் செவ்வியல் நாடகத்தில் தேர்ந்தவர். நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் அரங்கில் 1926 முதல் 1948 வரை பாடிப் புகழ் பெற்ற பின்னர், தம் ஐம்பத்தாறாம் வயதில் அந்நகரின் பிராட்வே நாடக மேடைக்கு வந்தார். 1949 ஏப்ரலில் அரங்கேறிய 'சௌத் பசிபிக்' நாடகத்தில் அவர் ஒரு பிரெஞ்சுத் தோட்ட முதலாளியாக நடித்தார். மறு ஆண்டில் டோனி பரிசும் பெற்றார்.

பெரும் பாடகர் எதனையும் பாடவல்லார் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவாருளர். அது பொருந்தாது. உடன் நடித்த மேரி மார்ட்டின், பின்சாவின் பெருங்குரலோடு இணைந்து பாட அஞ்சினார். எனவே, இசையமைப்பாளர் ரிச்சர்டு ராஜர்ஸ், இருவரும் தத்தம் எண்ணங்களைத் தனித்தனியே மாறி மாறிப் பாடுமாறு அமைத்தார். பின்சாவுக்காக நாடகமே வளைந்து கொடுத்தது. அப்பேறு ஏனையோர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை.

ஆப்பெராப் பாடகர் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பாடுபவர். பல கருவிகள் ஒருங்கே முழங்கினும் அவர் குரல் கடைசி வரிசைக்கும் எட்டுகின்றது. தொண்டை கிழியக் கத்துவதனால் அன்று. குரல்வளையைத் தாழ்த்தித் தொண்டையை அகலச் செய்து பாடுங்கால், சிறப்பாக ஆண் குரலில், நொடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகள் உள்ள பகுதியில் ஆற்றல் திரளுகின்றது. கருவிகளின் முழக்கமோ 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் மிகுந்து, மேலே செல்லச் செல்லக் குறைகின்றது. அவ்விடைவெளியில் குரல் தனித்து ஒலிக்கும். சுவீடன் நாட்டு அறிஞர் யோகான் சுன்ட்பெர்க் இதனை ஆராய்ந்து விளக்கியுள்ளார்.

பல்லாண்டு உழைத்துப் பெற்ற இவ்வாற்றலே பிராட்வேயில் தடையாய் நிற்பதுண்டு. அங்குப் பேச்சின் நடுவே பாட்டுப் பிறக்கின்றது. அடுக்களையில் நின்று பேசும் ஒரு பெண், அடுத்த நொடியில் அரண்மனைக் குரலெடுத்துப் பாடினால் அவையோர் நகைப்பர். மேலும், இக்காலப் பாடகர் சிறிய ஒலிவாங்கி அணிந்து பாடுவதால், கடைசி வரிசையைப் பற்றிய கவலையும் இல்லை. சொல்லே அங்குத் தலைமை உடையது. ஆதலின், ஆசிரியர் பலர் இத்தகைய மாணவரை உடனே பாட விடுவதில்லை. பாட்டின் வரிகளை முதலில் வசனமாகப் பேசச் செய்வர். பேசிய குரல் மாறாதவாறு அதனையே சிறிது சிறிதாகச் சுரத்தில் ஏற்றுவர். இடையறாது எழும் குரலசைவை அடக்கி, நெடுஞ்சுரத்தின் இறுதியில் மட்டும் அசையவிடப் பழக்குவர்.

பெண் பாடகர்க்கு இம்மாற்றம் இன்னும் கடினமானது. செவ்வியல் முறையில் பயின்றவர் மேல் சுரங்களைத் தலைக்குரலில் பாடுவர். பிராட்வேயோ, பேச்சுக்குரிய மார்புக்குரலின் வன்மையை மேல் சுரங்களிலும் வேண்டுகின்றது. இதனைப் 'பெல்டிங்' என்பர். 1930-இல் 'கேர்ள் கிரேசி' நாடகத்தில் எதல் மெர்மன் ஒரே சுரத்தை நெடுநேரம் நிறுத்தி அவையைத் திகைக்கச் செய்தார். அவர் முன்னர்ச் சுருக்கெழுத்தாளராய் இருந்தவர். முறையாக இசை பயின்றவர் அல்லர்! அவரைப் போலப் பாட விரும்பி வெறும் வலிமையால் குரலை மேலே தள்ளுவோர்க்குக் குரல் நாண்கள் அழுந்த மோதிக் காய்த்துப் போதலும் உண்டு. உழவர் கையில் காய்ப்பு ஏறினால் கேடில்லை. பாடுவோர் தொண்டையில் ஏறினால் பிழைப்பே போய்விடும். வாரத்திற்கு எட்டுக் காட்சிகள் நடக்கும் தொழில் அது.

மூச்சை ஆளும் பழைய பயிற்சி மட்டும் இங்கும் வீணாவதில்லை. புதிய முறையைத் தொடக்கத்தில் சில நிமிடங்களே பழக்கி, மெல்லிய தலைக்குரலில் பாடச் செய்து தொண்டையைத் தளர்த்திய பின்னரே மாணவரை வீட்டுக்கு அனுப்பும் ஆசிரியர்களும் உளர்.