கமுதி முதல் கிராஃபிக்ஸ் கார்டு வரை: மின்னோட்டத்தின் இருமடி

பத்தாம் வகுப்பு ‘மின்னோட்டவியல்’ பாடத்தில் வரும் ஜூல் வெப்ப விதியை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். “வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்” என்று பிழையின்றி எழுதுவார்கள். ‘அந்த இருமடியால் என்ன ஆகிறது?’ என்று கேட்டால்தான் தயங்குவார்கள். அவர்களுக்குப் பிடித்த கணினி விளையாட்டிலிருந்தே இதற்கு விடை தேடலாம்.

கணினித் திரையில் படங்களை உருவாக்கும் தனிப் பலகையே கிராஃபிக்ஸ் கார்டு. “எந்த கார்டு நல்லது?” என்ற பேச்சு வந்தால், “அதிக வாட் உள்ளது” என்று சில மாணவர்கள் சொல்லக்கூடும். பாடத்தை அந்த இடத்திலேயே தொடங்கலாம்.

இரண்டு கார்டுகள், ஒரே வேலை

என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ் 3080 கார்டு 2020-இல் வந்தது. அதன் திறன் அளவு 320 வாட். 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4070 கார்டுக்கு 200 வாட். பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் படங்களைத் தருகின்றன. ஆகவே வாட் என்பது கார்டு செய்யும் வேலையின் அளவு அன்று. அந்த வேலைக்காக ஒவ்வொரு நொடியும் அது எடுத்துக்கொள்ளும் ஆற்றல்.

நாள்தோறும் 4 மணி நேரம் முழுச் சுமையில் இயக்கினால், 120 வாட் வேறுபாடு 0.48 யூனிட் ஆகும். 30 நாளில் 14.4 யூனிட். கார்டு எடுக்கும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. மதுரையின் சித்திரை வெயிலில் அந்த 120 வாட்டும் அறைக்குள்தான் சேரும் என்றால் மாணவர்களுக்கு உடனே புரியும்.

இருமடி வேலை செய்யும் இடம்

இரண்டு கார்டுகளுக்கும் மின்சாரம் முக்கியமாக 12 வோல்ட்டில் வருகிறது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால், முதல் கார்டுக்கு 26.7 ஆம்பியர், இரண்டாவதற்கு 16.7 ஆம்பியர். மின்னோட்டம் 1.6 மடங்குதான் கூடியுள்ளது. ஆனால் ஒரே மின்தடையுள்ள கம்பியில் இழப்பு 1.6-இன் இருமடி, அதாவது 2.56 மடங்கு ஆகிவிடும். இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டினாலே விதி உயிர்பெறும்.

அடுத்த படி இன்னும் வியப்பானது. கார்டின் நடுவிலுள்ள சிப் ஏறத்தாழ 1 வோல்ட்டில் இயங்குகிறது. 200 வாட் முழுவதும் சிப்புக்கே செல்வதாக எளிமையாகக் கொண்டால், 200 ஆம்பியர் தேவை. வழியில் 0.001 ஓம் மின்தடை இருந்தாலும் இழப்பு 200 × 200 × 0.001 = 40 வாட்! அதனால்தான் 12 வோல்ட்டை 1 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்றுகள் சிப்பை ஒட்டியே அமைக்கப்படுகின்றன. சுமையையும் பல சுற்றுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே அளவு மின்தடையுள்ள 10 சுற்றுகள் தலா 20 ஆம்பியரைச் சுமந்தால், ஒரே சுற்று சுமப்பதைவிட மொத்த இழப்பு பத்தில் ஒரு பங்காகும்.

நம் ஊரின் மின்கம்பியிலும் இதே விதி

மதுரைக்குத் தெற்கே, இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கப்பட்ட சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அதை 400 கிலோவோல்ட்டில் ஒரே மும்முனை வழித்தடத்தில் அனுப்புவதாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 935 ஆம்பியர் மட்டுமே. ஒரு கார்டின் சிப்புக்கே 200 ஆம்பியர் தேவைப்படும்போது, ஒரு பெரும் மின் நிலையத்துக்கு 935 ஆம்பியர் போதும்! உயர் மின்னழுத்தத்தில் தொலைவு கடந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட் 230 வோல்ட்டாகக் குறைந்து வீட்டுக்கு வருகிறது. கார்டில் சிப்பின் அருகிலுள்ள சுற்றுகள் அந்தத் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் வேலையைத்தான் செய்கின்றன.

வகுப்பறைச் செயல்பாடு

கார்டோ கணினியோ இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். மாணவர்கள் தம் வீட்டு செல்பேசி சார்ஜரின் மேல் அச்சிட்டுள்ள வெளியீட்டு அளவுகளை எழுதி வரட்டும். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். அந்த 18 வாட்டை 5 வோல்ட்டில் தர 3.6 ஆம்பியர் வேண்டும். அப்போது அதே கம்பியில் இழப்பு எத்தனை மடங்காகும்? 1.8-இன் இருமடி, 3.24. விரைவு சார்ஜர்கள் பலவற்றில் மின்னழுத்தம் கூட்டப்படுவதன் காரணத்தை மாணவர்களே கண்டறிவார்கள்.

இங்கே ஒரு தவறு நேரக்கூடும். வெளியீட்டு வாட்டை, சார்ஜரில் அச்சிட்டுள்ள உள்ளீட்டு அளவால் வகுத்துப் பயனுறு திறன் காண மாணவர்கள் முயல்வார்கள். அச்சிட்டுள்ள உள்ளீட்டு மின்னோட்டம் உச்ச வரம்பு. எப்போதும் எடுக்கும் அளவு அன்று. பயனுறு திறனை அறிய, சுமை இருக்கும்போது இரு பக்கமும் அளந்தாக வேண்டும். கணினி மின்வழங்கிகளுக்கான ‘80 பிளஸ்’ சான்றின் அடிப்படை நிலைகூட 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் சோதித்தே, குறைந்தது 80 விழுக்காடு பயனுறு திறன் இருக்க வேண்டும் என்கிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை: சார்ஜரையோ கணினியின் மின்வழங்கியையோ எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

பாட முடிவில் “எந்த கார்டு நல்லது?” என்று மீண்டும் கேளுங்கள். “ஒரே வேலையைக் கொடுத்து, இரண்டும் எடுக்கும் ஆற்றலை அளந்து பார்த்துச் சொல்கிறோம்” என்று மாணவர் பதில் சொன்னால், அவர் விதியைப் புரிந்துகொண்டார் என்று மகிழலாம்.