பழைய வீட்டை அணிசெய்வது எப்படி?

வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம் மட்டுமன்று. அதைக் கட்டியவர்களின் வாழ்க்கை முறையைச் சொல்லும் சான்றும் ஆகும். நம் பாட்டனார் தம் வாழ்க்கைக்கு ஏற்பக் கட்டிய வீட்டில் இன்று நாம் வேறொரு வாழ்க்கை வாழ்கிறோம். ஆகவேதான் கூடத்துத் தூண் வழியை மறிக்கிறது. வாசற்கால் தலையில் இடிக்கிறது. பீரோவை எந்தச் சுவரோரம் வைத்தாலும் பொருந்துவதில்லை. இவற்றை என்ன செய்வது என்பதை என் சொந்த அனுபவத்தைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

நான் வசிக்கும் வேப்பம்பட்டு, சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூரை அடுத்துள்ள ஊர். 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்ட பாதை இவ்வழியேதான் செல்கிறது. அந்த இரயிலை நம்பிச் சென்னையில் வேலை பார்ப்போர் பலர் இங்கே மனை வாங்கிக் குடியேறிவிட்டனர். புதிய வீடுகளுக்கு நடுவே எங்கள் தாத்தா கட்டிய வீடு திண்ணையும் முற்றமுமாக நிற்கிறது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ்; பின்கட்டு சீமை ஓடு.

மூன்றாண்டுகளுக்கு முன், இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்ற பேச்சு எழுந்தது. அக்காவின் திருமணக் கடனே தீராத நிலையில் இன்னொரு கடனுக்கு அப்பா அஞ்சினார். "இருக்கிற வீட்டையே பார்க்கிற மாதிரி செய்துகொள்வோம்" என்றார். அம்முயற்சியில் நாங்கள் செய்த தவறுகளும் கற்ற பாடங்களுமே இக்கட்டுரையின் பொருள்.

சுவர் கற்பித்த பாடம்

முதல் தவறு சுவரில் நேர்ந்தது. முன்னறையின் சுண்ணாம்புப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசி, மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தோம். பொங்கலுக்குப் புதுவீடு போல இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பு உயரம் வரை பெயிண்டு கொப்புளித்தது. வெள்ளையாக உப்புப் பூத்தது. கை வைத்தால் பட்டை பட்டையாக உரிந்தது.

காரணம் நாம் இயற்பியல் வகுப்பில் படித்ததுதான். அக்காலச் சுவர்களில், தரையின் ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. நுண்துளை ஏற்றத்தால் ஈரம் செங்கல் வழியே மேலே வருகிறது. சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம், தன்னோடு கொண்டுவந்த உப்பால் பூச்சையே பெயர்த்துத் தள்ளுகிறது.

வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் வந்து, இடுப்பு உயரம் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்தார். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் கலவையைப் பூசினார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது, அவசரப்பட்டால் வெடிக்கும். பல வாரங்கள் பொறுத்தோம். இன்று அச்சுவர் பளபளக்கவில்லை; ஆனால் உரியவும் இல்லை.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. பழைய வீட்டில் எந்த உறுப்பையும் மறைக்கவோ மாற்றவோ முற்படும் முன், "இது இங்கே என்ன வேலை செய்கிறது?" என்று கேட்க வேண்டும். விடை கிடைத்தால் அணிசெய்யும் வழியும் பெரும்பாலும் கூடவே கிடைத்துவிடும்.

முற்றம்

அடுத்து முற்றத்தின்மீது கண் விழுந்தது. மழைச்சாரல், குரங்கு, திருட்டு என்று மூன்று பயங்கள். தகரம் போட்டு மூடிவிடலாம் என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அச்சமயம் எங்கள் வகுப்பினர் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். 1996இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், தென்மாநிலங்களின் பழைய வீடுகள் சிலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்திய பகலில், அங்குள்ள செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் அமர்ந்தபோது, எங்கள் வீட்டுக் கோடையும் இப்படித்தானே இருந்தது என்று தோன்றியது.

முற்றத்தில் சூடான காற்று மேலே போகப் போக, திண்ணைப் பக்கத்துக் காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. மேலே தகரத்தால் அடைத்தால் இந்த ஓட்டம் நின்றுவிடும். தகரம் தன் சூட்டையும் சேர்த்துக் கீழே இறக்கும். நாங்கள் முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி வலை பொருத்தினோம். அதற்கும் மேலே, நாற்புறமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, ஓட்டுக் கூரை ஒன்றை உயர்த்தி வைத்தோம். கூரை நீரைக் குழாய் வழியே கிணற்றோரக் குழியில் இறக்கினோம். தமிழகத்தில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கு முற்றம் உள்ள வீடு எவ்வளவு எளிதாக இடம் தருகிறது பாருங்கள்! முற்றத்தின் விளிம்பில் ஆயாவின் பழைய கல்லுரல் கிடந்தது. அதில் நீர் நிரப்பி அல்லி வளர்க்கிறோம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

தூணும் நடையும்

கூடத்தின் நடுவே நிற்கும் தூணை எடுத்துவிடலாமா என்று கேட்காதவர் இல்லை. அது தாங்கும் உத்திரத்தை நிமிர்ந்து பார்த்தால் அக்கேள்வி எழாது. தூண் அசையாது, ஆகவே நம் பொருள்கள்தாம் அசைய வேண்டும். தூணுக்கும் சுவருக்கும் இடையே பலகை ஒன்றைத் தாழ்வாகப் பொருத்தினோம். படிப்பதற்கு ஓர் இருக்கை கிடைத்தது. இரு தூண்களுக்கு இடையே கோரைப்பாய்த் திரை கட்டினோம். சுவர் எழுப்பாமலே ஓர் அறை கிடைத்தது. வேண்டாதபோது சுருட்டிவிடலாம்.

வாசலிலிருந்து கொல்லை வரை செல்லும் இருண்ட நடை எங்களுக்கு இன்னொரு தலைவலி. இதற்கு வழி காட்டியவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919 - 2003). கொழும்பில் ஒரு சந்திலிருந்த நான்கு சிறு வீடுகளை, 1958 தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில் ஒவ்வொன்றாகப் பெற்று, அவர் தம் இல்லமாக இணைத்துக்கொண்டார். ஒட்டுப்போட்டது போல் அமைந்த அந்த வீட்டின் நீண்ட நடையை அவர் மறைக்கவில்லை. இடையிடையே வானம் பார்த்த சிறு முற்றங்களை வைத்து ஒளியைக் கீழே இறக்கினார். நடந்து செல்வோரின் கண் ஒளியை நோக்கிச் செல்கிறது; நீளமே அழகாகிவிடுகிறது. எங்களால் இயன்றது, ஓட்டுக் கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வைத்ததுதான். அந்த ஒளி விழும் இடத்தில் குத்துவிளக்கை வைத்தோம். வந்தவர்கள் இப்போது நடையைக் குறை சொல்வதில்லை, விளக்கைப் புகழ்கிறார்கள்.

சாளரமும் மாடக்குழியும்

தடித்த சுவர் அறையைச் சிறிதாக்குகிறது என்பது உண்மையே. ஆனால் பகல் வெப்பம் அதைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. சுவர் தடித்திருப்பதால் சாளரத்தின் அடிப்பகுதியும் அகலமாக இருக்கிறது. அதுவே என் புத்தக அலமாரி. சாளரத்தின் உட்பக்கங்களுக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் பட்டுத் தெறித்து அறைக்குள் பரவும். விளக்கு வைத்த மாடக்குழிகளைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவோர் உண்டு. அவற்றுக்குள் மட்டும் மஞ்சளோ காவியோ பூசிப் பாருங்கள். படம் மாட்டுவதற்கு ஆணி அடிக்க வேண்டியதே இல்லை.

மேல்தளம்

மெட்ராஸ் டெரஸ் என்பது மர உத்திரத்தின்மேல் சட்டங்களைப் பரப்பி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டமாகச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து, தட்டோடு பதிப்பது. சட்டங்கள் தெரிவது அழகில்லை என்று அடியில் பொய்த்தளம் அமைப்போர் பலர். பொய்த்தளம் போட்டபின் கசிவும் கரையானும் கண்ணுக்குப் படா. மரம் இற்று வளைந்த பிறகுதான் தெரியவரும். சட்டங்களுக்கு எண்ணெய் தடவி, இடைப்பகுதிக்கு வெள்ளையடிப்பதே போதும்; கோடு கோடாக அமைந்த அழகு தானே வரும். தண்ணீர்த் தொட்டியை அத்தளத்தின் நடுவே ஏற்றாதிருப்பதும் மிக முக்கியம்.

வாசற்படி

இவ்வளவும் கேட்டு, பழையது எல்லாம் நன்று என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. எங்கள் உள்வாசற்படி ஒரு முழங்கை உயரம். வெள்ளமும் பூச்சி பொட்டும் உள்ளே வராமல் காப்பதே அதன் வேலை. அவ்வேலையை அது செம்மையாகச் செய்தது. ஆனால் சென்ற ஐப்பசியில் ஆயா அதில் கால் இடறி விழுந்தார். இடுப்பு எலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது.

"அறுத்து எடுத்துவிடலாம் ஆயா" என்றேன். "வாசக்காலை அறுக்கக் கூடாதுடா. நான் மருமகளா வந்து கால் வெச்ச படி அது" என்றார் கட்டுப்போட்ட கையோடு. நான் பேசவில்லை. படியின் இருபுறமும் சரிவாக மரப்பலகை பொருத்தினோம். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வைத்தோம். மேற்கட்டைக்குப் பளிச்சென்று மஞ்சள் பூசினோம், உயரமானவர்கள் குனிய வேண்டும் என்பதற்காக. நான் மேலே கூறிய கேள்வியோடு இரண்டாவது கேள்வியும் உண்டு என்பதை அன்று உணர்ந்தேன்: "இதனால் இன்று யாருக்குத் துன்பம்?" முதற்கேள்வியை மட்டும் கேட்பவர் வீட்டை அருங்காட்சியகம் ஆக்கிவிடுவார், இரண்டாவதை மட்டும் கேட்பவர் வீட்டையே இடித்துவிடுவார்.

முடிவுரை

புதிதாக ஏதேனும் வாங்க நேர்ந்தாலும் பழையதோடு ஒத்துப்போவதைத் தேடலாம். உடைந்த தரைக்கு, கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் பதப்படுத்தும் ஆத்தங்குடிக் கற்கள் இருக்கின்றன. இடிக்கும் வீடுகளின் கதவு சன்னல்களை வாங்கிப் புதுவீட்டில் பொருத்துவதை ஒரு கொள்கையாகவே கொண்டிருந்தார், கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர்.

நண்பர்களே, உங்களில் பலர் இத்தகைய வீடுகளிலிருந்துதான் வருகிறீர்கள். தோழர்களை வீட்டுக்கு அழைக்கக் கூசியும் இருப்பீர்கள். நானும் கூசியவன்தான். இடிப்பதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் பணமும் முடிவு செய்யட்டும். அதற்கு முன், ஒரு மாலைப் பொழுது கையில் தாளும் பென்சிலுமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். உங்களுக்கு இடையூறாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் எழுதி, அதன் எதிரே அதன் வேலையையும், அதனால் துன்பப்படுவோர் பெயரையும் குறியுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் பதினொரு இடையூறுகள் இருந்தன. அவற்றில் பெயர் எழுத வேண்டியிருந்தது ஒன்றின் எதிரே மட்டுமே. அந்தப் படியை ஆயா இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகவே கடக்கிறார்.